தேர்ச்சிக் கோடு: யார் போடுகிறார்கள், எதை வைத்து?

காவேரிமகள்

எல்லாருக்கும் வணக்கம். போன கோடையில் நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸுக்குக் குடிமாறினோம். மகள் அங்கே நாலாம் கிரேடு முடித்துவிட்டு வந்தாள். கணக்குத் தேர்வில் 744. அந்த மாநிலத்தில் 750 இருந்தால்தான் நாலாம் நிலை, அதாவது எதிர்பார்ப்பை எட்டியவர். இவள் மூன்றாம் நிலை, "நெருங்குகிறார்" என்று போட்டிருந்தார்கள். ஆறு புள்ளிதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டோம்.

இங்கே ஐந்தாம் கிரேடில் ஸ்டார் என்ற டெக்சாஸ் மாநிலத் தேர்வு எழுதினாள். "மீட்ஸ் கிரேடு லெவல்" என்று வந்திருக்கிறது. சந்தோஷம்தான். ஆனால் வீட்டில் அவளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுப்பது நான். பின்னத்தில் போன வருஷம் எங்கே தடுமாறினாளோ அங்கேதான் இன்னும் தடுமாறுகிறாள். ஒரு மாநிலம் "இன்னும் எட்டவில்லை" என்கிறது, இன்னொரு மாநிலம் "எட்டிவிட்டாள்" என்கிறது. நான் எதை நம்புவது?

எட்டியவர், எட்டாதவர் என்று பிரிக்கும் இந்தத் தேர்ச்சிக் கோட்டை எங்கே போடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? கம்ப்யூட்டரா, அதிகாரிகளா, வாத்தியார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பள்ளியில் கேட்டேன், "ஸ்டேட்தான் முடிவு செய்கிறது" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டார்கள்.

நெய்தல்நாடன்

காவேரி அக்கா, இந்த நிலை, லெவல் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ரிப்போர்ட்டில் பர்சென்டைல் போட்டிருப்பார்கள், அதைப் பாருங்கள். நூறு பேரில் நம்ம பிள்ளை எத்தனை பேருக்கு மேலே நிற்கிறது என்று தெரிந்தால் போதாதா? நாமெல்லாம் இன்ஜினியரிங் கவுன்சிலிங் கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவர்கள். இத்தனை சீட், இத்தனை பேர், இந்த மார்க்கோடு முடிந்தது. அதில் குழப்பம் இருந்ததா?

அளவுமணி

நெய்தல் தம்பி, நீங்கள் சொல்லும் கட்-ஆஃபும் இந்தக் கோடும் ஒன்றே இல்லை. நான் தேர்வு அளவீட்டுத் துறையில் இருப்பவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கவுன்சிலிங் கட்-ஆஃபில் சீட் எண்ணிக்கைதான் கோட்டைப் போடுகிறது. எல்லாரும் நன்றாக எழுதினால் கட்-ஆஃப் ஏறும், எல்லாரும் சொதப்பினால் இறங்கும். மாநிலத் தேர்வில் சீட் கிடையாது. அத்தனை பிள்ளைகளும் தேறலாம், ஒருவர்கூடத் தேறாமலும் போகலாம். "இந்த வகுப்புக்கு உரிய பாடம் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பிடிபட்டிருக்கிறது" என்பதுதான் கேள்வி. பக்கத்துப் பிள்ளை எப்படி எழுதியது என்பதற்கு அதில் வேலை இல்லை.

2015 டிசம்பரில் கையெழுத்தான எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ் என்ற மத்திய அரசுச் சட்டத்தின்படி, எல்லா மாநிலங்களும் 3 முதல் 8 வரையிலான வகுப்புகளில் வருஷா வருஷம் வாசிப்பும் கணக்கும் தேர்வு வைக்க வேண்டும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறை. முடிவைக் குறைந்தது மூன்று நிலைகளாகப் பிரித்துக் காட்ட வேண்டும். அந்த நிலைகளின் பெயரும், எந்த மதிப்பெண்ணில் எந்த நிலை தொடங்கும் என்பதும் மாநிலத்தின் கையில். நியூ ஜெர்சியில் 650 முதல் 850 வரை மதிப்பெண் அளவு, ஐந்து நிலைகள். டெக்சாஸில் நான்கு. வர்ஜீனியாவில் பல வருஷங்களாக 400 எடுத்தால் தேர்ச்சி என்று இருந்தது. ஒரு மாநிலத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு நேரே வைத்துப் பார்க்கவே முடியாது.

ஆகவே காவேரி மேடம், உங்கள் மகள் விஷயத்தில் மூன்று மாறியிருக்கிறது. பாடத்திட்டம் வேறு, கேள்வித்தாள் வேறு, கோடு வேறு. இதற்கு நடுவில் பிள்ளையும் ஒரு வருஷம் வளர்ந்திருக்கிறாள். இரண்டு ரிப்போர்ட்டும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

இன்னொன்று. 744-க்கும் 750-க்கும் நடுவில் இருக்கும் அந்த ஆறு புள்ளி. எந்தத் தேர்வுக்கும் அளவீட்டுப் பிழை உண்டு. அதே பிள்ளை அதே தரத்தில் வேறொரு கேள்வித்தாளை வேறொரு நாள் எழுதியிருந்தால் மதிப்பெண் சில புள்ளிகள் ஏறியோ இறங்கியோ வந்திருக்கும். பல மாநில ரிப்போர்ட்டுகளில் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வீச்சு அச்சடித்திருக்கும், பெரும்பாலான பெற்றோர் கண்ணில் அது படுவதே இல்லை. கோடு அந்த வீச்சுக்குள்ளே விழுந்தால், பிள்ளை கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அந்த ஒரு தேர்வை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது.

கோடு போடும் வேலையை நேரில் செய்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் எழுதட்டும். நான் கணக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன்.

வைகைத்தம்பி

அளவுமணி சார், நீங்கள் ரொம்ப நல்லவிதமாகச் சொல்கிறீர்கள். நான் நியூயார்க்கில் இருக்கிறேன், இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

2009-இல் 3 முதல் 8 வரையிலான வகுப்புகளில் கணக்கில் தேறியவர்கள் சுமார் 86 சதவீதம், ஆங்கிலத்தில் 77. 2010-இல் கோட்டை உயர்த்தினார்கள். கணக்கு 61-க்கு வந்தது, ஆங்கிலம் 53-க்கு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 2012-இல் 65-உம் 55-உம் ஆனது. 2013-இல் புதிய பாடத்தரத்துக்கான தேர்வு வந்தது, கோடும் மாறியது. இரண்டு பாடத்திலும் 31 சதவீதம். நாலே வருஷத்தில் கணக்கு 86-இலிருந்து 31! அந்தப் பிள்ளைகளின் மூளை அந்த நாலு வருஷத்தில் சுருங்கிவிட்டதா?

நீங்கள் சொன்ன சட்டத்துக்கு முந்தைய மத்திய சட்டமான நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட் 2002-இல் வந்தபோது, 2014-க்குள் நூற்றுக்கு நூறு பேரும் தேற வேண்டும் என்று எழுதினார்கள். ஆனால் தேர்ச்சி என்றால் என்ன என்பதை மாநிலமே சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். எட்டாவிட்டால் தண்டனை உண்டு, கோடு போடும் பேனாவும் அதே ஆளின் கையில். கோடு எங்கே போகும்? எத்தனை கமிட்டி உட்கார்ந்தாலும், கடைசியில் எத்தனை பேர் தேறினால் தலைநகரில் சங்கடம் இருக்காது என்பதைப் பார்த்துத்தான் போடுகிறார்கள் என்பது என் கருத்து.

சுடரொளி

நான் நாலாம் கிரேடு ஆசிரியை. எங்கள் மாநிலத்தில் கணக்குத் தேர்வுக்குக் கோடு போடும் பேனலில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த மாநிலம், எந்த வருஷம் என்று சொல்ல மாட்டேன். ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனோம். கேள்வித்தாளைத் தினமும் சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், செல்போனை மேசைமேல் வைக்கக்கூட விடமாட்டார்கள். ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. தம்பி வைகை இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில் எங்களையே அந்தத் தேர்வை எழுத வைத்தார்கள். விடைக் குறிப்பு இல்லாமல். பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தால்தான் ஒரு கேள்வி எவ்வளவு கனம் என்று தெரியும். அடுத்து, ஒவ்வொரு நிலையிலும் இருக்கும் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும் என்ற விவரிப்பைப் படித்துப் பேசினோம். நன்றாகத் தேறும் பிள்ளையைப் பற்றிப் பேசுவது சுலபம். எங்களுக்குக் கொடுத்த வேலையோ, கோட்டைத் தட்டுத்தடுமாறி அப்போதுதான் தாண்டிய பிள்ளையைக் கண்முன் கொண்டுவருவது. அந்தப் பிள்ளைக்கு என்ன வரும், என்ன வராது? ஒரு முழுக் காலைப்பொழுது இதற்கே போனது.

பிறகு ஒரு புத்தகம் தந்தார்கள். பக்கத்துக்கு ஒரு கேள்வி. முதல் பக்கத்தில் பிள்ளைகளுக்கு மிகச் சுலபமாக இருந்த கேள்வி, கடைசிப் பக்கத்தில் மிகக் கடினமானது. நாங்கள் ஊகித்த வரிசை இல்லை அது. பிள்ளைகள் உண்மையில் எழுதிய விடைகளை வைத்து வரிசைப்படுத்தியது. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். "கோட்டை அப்போதுதான் தாண்டிய பிள்ளைகள் மூன்று பேரில் இரண்டு பேராவது இதைச் சரியாகப் போடுவார்களா?" ஆம், ஆம், ஆம் என்று வந்துகொண்டே இருக்கும். எங்கே முதல் "இல்லை" வருகிறதோ அங்கே அடையாளச் சீட்டை வைக்க வேண்டும். இதற்கு புக்மார்க் முறை என்று பேர்.

எங்கள் மேசையில் சண்டை வந்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். நிஜக் கேள்வியைச் சொல்ல முடியாது, அதே ஜாதியில் ஒன்றை நானே போட்டுக் காட்டுகிறேன்: 3/4, 5/8 இரண்டில் எது பெரியது, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று எழுது.

பின்னம் பிடிபடாத பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? 5 மூன்றைவிடப் பெரிது, 8 நாலைவிடப் பெரிது, ஆகவே 5/8 பெரிது என்று எழுதிவிடும். இதே கேள்வியை 2/3, 3/4 என்று கேட்டிருந்தால் அந்தத் தப்பான வழியிலேயே சரியான விடை வந்து விழுந்துவிடும், நமக்கு ஒன்றும் தெரியாது. ஆக, கேள்வி நல்ல கேள்வி. சண்டை இரண்டாம் பாதியில்தான். எதிரே இருந்த ஆசிரியை, "என் வகுப்பில் படம் போட்டுக் காட்டும் பிள்ளைகள் உண்டு, வாக்கியமாக எழுதச் சொன்னால் திணறும், அவர்களைத் தேறாதவர்கள் என்று எப்படிச் சொல்வது" என்றார். என் பக்கத்தில் இருந்தவர், "விளக்கிச் சொல்வதும் இந்த வகுப்புப் பாடத்தில் இருக்கிறதே, அதை விட்டுவிட்டுத் தேறிவிட்டது என்றால் ஐந்தாம் கிரேடு வாத்தியார் தலையில்தானே விழும்" என்றார். இரண்டு பேர் சொல்வதும் நியாயம். திரும்பத் திரும்ப விவரிப்பை எடுத்துப் படித்தோம். அதில் "படத்தாலோ எண்ணாலோ காரணம் காட்டுவார்" என்று இருந்ததைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சீட்டை நாலு பக்கம் பின்னால் தள்ளி வைத்தார். பக்கத்தில் இருந்தவர் அசையவே இல்லை.

மூன்று சுற்று நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் தனித்தனியாகத்தான் வைப்போம். அடுத்தவர் எங்கே வைத்தார் என்று பிறகுதான் காட்டுவார்கள். கடைசியில் எல்லாருடைய சீட்டுக்கும் நடுமதிப்பு எதுவோ அதுதான் பேனலின் பரிந்துரை. அந்த அறையில் அதிகாரி யாரும் "இத்தனை பேர் தேற வேண்டும்" என்று சொல்லவில்லை.

காவேரிமகள்

டீச்சர், ரொம்ப நன்றி. இப்படி ஒருத்தர் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். ஒன்று மட்டும் கேட்கிறேன். எத்தனை சதவீதம் பிள்ளைகள் தேறுவார்கள் என்பதை உங்களுக்குக் காட்டினார்களா, இல்லையா?

சுடரொளி

காட்டினார்கள். எங்களுக்கு இரண்டாம் சுற்று முடிந்த பிறகு. "நீங்கள் வைத்த இடத்தில் கோடு நின்றால் இத்தனை சதவீதம் இந்த நிலையில் வருவார்கள்" என்று திரையில் ஒரு பட்டைப் படம். அறையே மௌனமாகிவிட்டது. அதைப் பார்த்த பிறகு சிலர் சீட்டை முன்னே நகர்த்தினார்கள், சிலர் பின்னே. நான் நகர்த்தவில்லை.

இதைக் காட்டுவது சரியா தவறா என்று எனக்குள் இன்னும் விவாதம் ஓடுகிறது. காட்டாவிட்டால் நாங்கள் ஆகாயத்தில் கோடு போடலாம். எண்பது சதவீதம் பிள்ளைகள் விழுந்துவிடும் இடத்தில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். காட்டினால், பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண் எண்ணிக்கைக்குத் தாவுகிறது. தம்பி வைகை சொல்லும் ஆபத்து அந்த இடத்தில் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அது அதிகாரி வந்து அழுத்துவதால் வருவதில்லை. வகுப்பில் நாம் பார்த்த பிள்ளைகளின் முகம்தான் அந்தப் பட்டைப் படத்தில் தெரிகிறது.

அளவுமணி

டீச்சர் எழுதியது அப்படியே நடைமுறை. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒன்று, முறையை மாற்றினால் கோடும் மாறும். புக்மார்க் 1990-களின் நடுவில் வந்தது. அதற்கு முன்பிருந்தே இருப்பது ஆங்காஃப் முறை. 1971-இல் வில்லியம் ஆங்காஃப் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அதில் பக்கம் புரட்டுவது இல்லை. கோட்டின் விளிம்பில் நிற்கும் நூறு பிள்ளைகளை நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியையும் அவர்களில் எத்தனை பேர் சரியாகப் போடுவார்கள் என்று எழுத வேண்டும். முதல் கேள்விக்கு 85, அடுத்ததற்கு 60, இப்படி. எல்லாவற்றையும் கூட்டி நூறால் வகுத்தால் கோடு வந்துவிடும். பிள்ளைகளின் முழு விடைத்தாள் கட்டையே ஆசிரியர்கள் கையில் கொடுத்து, எது எந்த நிலை என்று பிரிக்கச் சொல்லும் முறையும் உண்டு. கட்டுரை எழுதும் தேர்வுகளுக்கு அது பொருந்தும். ஒரே தேர்வுக்கு இரண்டு முறையில் கோடு போட்டால் ஒரே இடத்தில் வந்து நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

டீச்சர் "மூன்று பேரில் இரண்டு பேர்" என்றார் பாருங்கள், அதுவே மனிதர்கள் எடுத்த ஒரு முடிவு. அதற்குப் பதில் "இரண்டு பேரில் ஒருவர்" என்று வைத்துக்கொண்டு, சீட்டு அதே பக்கத்தில் இருந்தாலும், கணக்கில் கோடு கீழே இறங்கும். அந்த மூன்றில் இரண்டு பங்கு வானத்திலிருந்து வந்ததில்லை. பேனல் கூடும் முன்பே நிபுணர்கள் முடிவு செய்தது.

இரண்டாவது, பேனல் சொல்வது பரிந்துரைதான். நாலாம் கிரேடு பேனலும் ஐந்தாம் கிரேடு பேனலும் தனித்தனியே வேலை செய்வதால், நாலில் 60 சதவீதம், ஐந்தில் 35, ஆறில் 55 என்று கோணல்மாணலாக வந்துவிடலாம். அதைச் சீராக்க இன்னொரு கூட்டம். அதற்கு மேல் மாநிலக் கல்வி வாரியமோ கல்வித் துறையோ ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர்கள் மாற்றவும் செய்யலாம். தம்பி வைகை கேட்கும் அரசியல் கேள்விக்கு உரிய இடம் அதுதான், டீச்சர் உட்கார்ந்திருந்த அறை இல்லை.

மனிதர்கள் தீர்மானித்தது என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. நீதிமன்றத் தீர்ப்பும் மனிதர்கள் தீர்மானிப்பதுதான். யார் தீர்மானித்தார்கள், எதை வைத்து, அதை வெளியே சொன்னார்களா என்றுதான் கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் இதற்கு ஒரு தொழில்நுட்ப அறிக்கை எழுதுவார்கள். பேனலில் எத்தனை பேர், எந்தப் பகுதியிலிருந்து, ஒவ்வொரு சுற்றிலும் நடுமதிப்பு எங்கே இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பேனல் சொன்ன எண்ணும் வாரியம் ஏற்ற எண்ணும் ஒன்றா என்று அதில் ஒத்துப் பார்க்கலாம்.

வைகைத்தம்பி

டீச்சர், உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. நீங்கள் அந்தப் பின்னக் கணக்குக்காக வாதாடியதைப் படித்தபோது மனசு நெகிழ்ந்தது. என் கோபம் அதற்குப் பிறகு நடப்பதில்.

2024-இல் ஓக்லஹோமாவில் கோடு இறங்கியது. தேர்ச்சி விகிதம் ஒரே வருஷத்தில் எகிறியது. கோடு மாறியிருக்கிறது என்பது பெற்றோர் பலருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்று பெரிய சர்ச்சை ஆனது. அதே வருஷம் விஸ்கான்சினில் கோட்டையும் மாற்றினார்கள், பெயரையும் மாற்றினார்கள். கடைசி நிலைக்கு இருந்த "பிலோ பேசிக்" (அடிப்படைக்கும் கீழே) போய் "டெவலப்பிங்" (வளர்ந்து வருகிறார்) வந்தது. பழைய கோட்டுக்கே திரும்ப வேண்டும் என்று சட்டமன்றம் மசோதா போட்டது, 2025-இல் ஆளுநர் அதை நிராகரித்தார். இல்லினாயும் 2025-இல் மாற்றியது.

கோட்டை மாற்றுவதற்கு ஆயிரம் நல்ல காரணம் இருக்கட்டும். மாற்றிய வருஷத்தில் போன வருஷத்து எண்ணையும் இந்த வருஷத்து எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு "முன்னேற்றம்" என்று யாரும் சொல்லக் கூடாது. பழைய கோட்டில் இந்த வருஷப் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்றும் சேர்த்துப் போட வேண்டும். கேள்வித்தாளும் அளவும் அப்படியே இருந்து, கோடு மட்டும் நகர்ந்த வருஷத்தில் அதைப் போடுவது பெரிய வித்தையா?

அளவுமணி

அளவு மாறாவிட்டால் வித்தையே இல்லை, ஒரு மத்தியான வேலை. இந்தக் கோரிக்கையில் நான் உங்களோடு முழுசாக நிற்கிறேன்.

ஆனால் இறக்கினால் மோசடி, ஏற்றினால் நேர்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லினாய் அதிகாரிகள் சொன்ன காரணம், பழைய கோடு நாட்டிலேயே மிக உயரமான கோடுகளில் ஒன்று, கல்லூரிக்குப் போய் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைக்கூட "தேறவில்லை" என்று அது சொல்லிக்கொண்டிருந்தது என்பது. அது சரியா என்பதைப் பிற்காலத் தரவை வைத்துச் சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும். வர்ஜீனியாவோ எதிர்த்திசையில் போகிறது, கோட்டை உயர்த்துகிறது.

பூந்தளிர்

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் சதவீதத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் பிள்ளையைப் பற்றிப் பேசலாமா?

நான் வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவள். சில மாநிலங்களில் இந்தக் கோடு வெறும் அறிக்கையில் நிற்பதில்லை, பிள்ளையை வகுப்பில் நிறுத்திவிடுகிறது. புளோரிடாவில் 2002-இலிருந்தே மூன்றாம் கிரேடு வாசிப்பில் மிகக் கீழ் நிலையில் இருக்கும் பிள்ளையை, விதிவிலக்கு இல்லாவிட்டால், அதே வகுப்பில் மறுபடி படிக்க வைக்கிறார்கள். மிசிசிப்பி 2013-இல் அதே போலச் சட்டம் போட்டது. முதலில் கடைசி நிலையைத் தாண்டினால் போதும் என்று இருந்தது. 2018-19 கல்வியாண்டிலிருந்து கடைசி இரண்டு நிலைகளையும் தாண்ட வேண்டும் என்று உயர்த்தினார்கள். எட்டு வயசுப் பிள்ளைக்கு அந்தச் சீட்டு எந்தப் பக்கத்தில் வைக்கப்பட்டது என்பது ஒரு வருஷ வாழ்க்கை.

மிசிசிப்பியில் வாசிப்பு நிஜமாகவே மேலே வந்திருக்கிறது, மறுக்கவில்லை. அதற்குக் கோடு மட்டும் காரணமில்லை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி, பள்ளிக்குள்ளே வாசிப்புப் பயிற்றுநர்கள், வருஷத்துக்கு மூன்று முறை சோதித்துப் பார்ப்பது, மறுபடி எழுத வாய்ப்பு எல்லாம் கூடவே வந்தன. கோட்டை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு மற்றதை விட்டுவிடும் மாநிலங்களை நினைத்தால்தான் பயம்.

இன்னொரு அநியாயம் நான் கண்ணால் பார்த்தது. முன்பு வேலை செய்த ஒரு பள்ளியில் வருஷ ஆரம்பத்தில் பெயர்ப் பட்டியலுக்கு வண்ணம் அடிப்பார்கள். பச்சை தேறிவிடும், மஞ்சள் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, சிவப்பு ரொம்பக் கீழே. மாலை வகுப்பு, தனி ஆசிரியர், எல்லாம் மஞ்சளுக்கு. சிவப்பில் இருந்த என் பிள்ளை ஒன்று, அந்த வருஷம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையிலிருந்து பத்தி படிக்கும் நிலைக்கு வந்தது. தேர்ச்சி சதவீதத்தில் அதற்கு மதிப்பு பூஜ்யம். சிவப்பாகவே இருந்தது. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது, அவர் கையில் இருந்த காகிதத்தில் போன வருஷத்துச் சொல்லேதான் இருந்தது.

அளவுமணி

பூந்தளிர் அம்மா சொன்னதற்குக் கணக்கிலும் ஆதாரம் உண்டு. தேர்ச்சி சதவீதம் என்பது கோட்டைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை மட்டும். நடுவில்தான் பிள்ளைகள் கூட்டமாக இருப்பார்கள். கோடு அந்தக் கூட்டத்தின் நடுவே ஓடினால், எல்லாரும் கொஞ்சம் முன்னேறினாலும் சதவீதம் குதிக்கும். கோடு ஓரத்தில் இருந்தால் அதே முன்னேற்றம் சதவீதத்தில் தெரியவே தெரியாது. ஆகவே இரண்டு மாவட்டங்களில் எது அதிகம் முன்னேறியது என்பதற்குச் சராசரி மதிப்பெண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

மாநிலங்களை ஒப்பிட வேண்டுமென்றால் நேப் என்ற தேசிய மதிப்பீடு இருக்கிறது. எல்லா மாநிலத்துக்கும் ஒரே தேர்வு, ஒரே அளவு. நாலாம் கிரேடு வாசிப்பில் 208 "பேசிக்", 238 "புரொஃபிஷியன்ட்", 268 "அட்வான்ஸ்டு". மாநிலங்களின் கோடுகள் இந்த அளவில் எங்கே விழுகின்றன என்று தேசியக் கல்விப் புள்ளியியல் மையம் சில வருஷங்களுக்கு ஒருமுறை கணக்குப் போட்டு வெளியிடும். பெரும்பாலான மாநிலங்களின் நாலாம் கிரேடு வாசிப்புத் தேர்ச்சிக் கோடு 208-க்கும் 238-க்கும் நடுவில்தான் விழுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2024-இல் நாலாம் கிரேடில் 31 சதவீதம் பேர்தான் 238-ஐ எட்டினார்கள். உடனே "மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்கு வகுப்புக்கு ஏற்ற வாசிப்பு வரவில்லை" என்று மேடையில் பேசுகிறார்கள். நேப் நடத்துபவர்களே அப்படிச் சொல்லவில்லை. 238 என்பது வகுப்புத் தரத்தைவிட உயர்ந்த இலக்கு என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அதே தேர்வில் 208-க்கும் கீழே 40 சதவீதம் பேர் இருந்தார்கள். எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் எண் அதுதான்.

நெய்தல்நாடன்

காவேரி அக்காவுக்கு டெக்சாஸ் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2023-இல் வந்த சட்டப்படி ஐந்தாம் கிரேடு கணக்கில் மேல் 40 சதவீதத்தில் வரும் பிள்ளையை ஆறாம் கிரேடில் அட்வான்ஸ்டு கணக்கில் பள்ளியே சேர்க்க வேண்டும். பெற்றோர் வேண்டாமென்றால்தான் விலக்கு. அங்கே நிலையின் பெயர் பார்ப்பதில்லை, வரிசையைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே பர்சென்டைலையும் பாருங்கள் என்று சொல்வதை நான் விடப்போவதில்லை. அந்தச் சிவப்புப் பட்டியல் பிள்ளைக்கு மட்டும் பர்சென்டைலும் உதவாது, அளவுமணி அண்ணா சொன்ன மதிப்பெண் ஏற்றம்தான் உதவும், ஒத்துக்கொள்கிறேன்.

சுடரொளி

காவேரி, நீங்கள் செய்யக்கூடியது இருக்கிறது. பள்ளி ஆசிரியரிடம் "என் மகள் எந்த நிலை" என்று கேட்காதீர்கள், அது உங்கள் கையிலேயே இருக்கிறது. தேர்வு ரிப்போர்ட்டில் பாடப் பகுதி வாரியாகப் பிரித்திருப்பார்கள். பின்னம் சார்ந்த பகுதியில் எத்தனைக்கு எத்தனை என்று பாருங்கள். டெக்சாஸில் முடிந்த தேர்வின் கேள்விகளைப் பெற்றோர் இணையத்தில் பார்க்கலாம், உங்கள் பிள்ளை எழுதிய விடையோடு. அதைத் திறந்து அவள் எங்கே வழுக்கினாள் என்று பாருங்கள். ஐந்தாம் கிரேடில் வெவ்வேறு பகுதி எண் உள்ள பின்னங்களைக் கூட்டுவது வரும், அங்கே முதலில் பாருங்கள்.

இன்னொன்று எல்லாருக்கும். டெக்சாஸ் 2025-இல் போட்ட சட்டப்படி 2027-28-இல் ஸ்டார் போய், வருஷத்துக்கு மூன்று சிறிய தேர்வுகள் வரப்போகின்றன. புதுத் தேர்வு என்றால் கோடும் புதிதாகத்தான் போட வேண்டும். ஆசிரியர்கள் பேனலுக்கு விண்ணப்பம் போடுங்கள். சில மாநிலங்களில் பெற்றோர், தொழில்துறையினரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நம்ம ஆட்கள் அந்த அறையில் அபூர்வமாகத்தான் இருக்கிறார்கள். இரண்டு மொழியில் வளரும் பிள்ளை கணக்கை எப்படி யோசிக்கும் என்று சொல்ல அந்த மேசையில் ஒரு ஆள் இருப்பது சின்ன விஷயம் இல்லை.

வைகைத்தம்பி

வாரியம் கோட்டை ஏற்பதற்கு முன்னால் பொதுமக்கள் பேச அனுமதிக்கும் கூட்டம் உண்டா? உண்டென்றால் நான் போய்ப் பேசத் தயார். பழைய கோட்டு எண்ணையும் சேர்த்து வெளியிடுங்கள் என்ற ஒரே கோரிக்கையோடு.

அளவுமணி

பெரும்பாலான மாநிலங்களில் கல்வி வாரியக் கூட்டம் பொதுக்கூட்டம்தான், முன்கூட்டியே பெயர் கொடுத்தால் சில நிமிஷம் பேச விடுவார்கள். நிகழ்ச்சி நிரலில் "கட் ஸ்கோர்" அல்லது "ஸ்டாண்டர்ட் செட்டிங்" என்று தேடுங்கள். கோரிக்கையை ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கையில் கொடுங்கள். வரைவு எழுதினால் அனுப்புங்கள், எண்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.

காவேரிமகள்

டீச்சர் சொன்னபடி நேற்று ராத்திரி அந்தக் கேள்விகளைத் திறந்து பார்த்தேன். தசம எண், பரப்பளவு எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறாள். தப்பில் பெரும்பாலானவை பின்னத்தில்தான். 2/3-ஐயும் 1/4-ஐயும் கூட்டி 3/7 என்று எழுதியிருக்கிறாள். மேலேயும் கூட்டி, கீழேயும் கூட்டி. "மீட்ஸ்" என்று பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. வெள்ளிக்கிழமை ஆசிரியரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன், இந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு போகிறேன். கோடையில் பின்னத்துக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று சுடரொளி டீச்சர் இங்கேயே தனியாக ஒரு இழை ஆரம்பித்தால் என்னைப் போன்ற அம்மாக்கள் நிறையப் பேருக்கு உதவும்.